தாயில்பட்டிக்குப் போன சாண்டர் மிஷின்

மிஷின் கடையில் விற்பனைக்கு நிற்பவனின் பாதிப் பொழுது, வாங்க வந்தவர் வாய்விட்டுக் கேட்காததைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். கவுண்டருக்குப் பின்னால் கால்கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீனாவிலிருந்து சின்னச் சின்ன மிஷின்கள் வந்து இறங்கத் தொடங்கிய காலத்தில் நான் சிவகாசியில் அப்படி நின்றேன். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டர் மிஷின் ஒன்று வந்திருந்தது. ஒரு பக்கம் ஓடும் பெல்ட், இன்னொரு பக்கம் சுற்றும் டிஸ்க், இரண்டிலும் உப்புத்தாள். அதை வீட்டுக்கு வாங்க வந்த மாரிச்சாமி என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஷட்டரைத் தொட்டவர்

மாரிச்சாமி ஒரு சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தார். கடைக்குள் கால் வைக்குமுன் இரும்பு ஷட்டரில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மிஷின் பக்கம் போகுமுன் ஜன்னல் கம்பியையும் தொட்டார். எந்தச் சாமி ஜன்னல் கம்பியில் இருக்கிறது என்று எனக்கு மண்டை குடைந்தது. கேட்டேவிட்டேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் வெடிமருந்து கலக்குகிறவர். அந்த ரூமுக்குள் போகுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டுமாம். பழகிய கை கண்ட இடத்திலும் தொடுகிறது. "வீட்டுல சோத்துப்பானையத் தொறக்கயும் ஜன்னல் கம்பியத் தொட்டுக்கிடுவேன் அண்ணாச்சி, எம் பொண்டாட்டி ஏசுவா" என்றார்.

இடைவெளி விட்ட மூலை

அடுத்த முறை ஒரு சாமி பட பிரேமோடு வந்தார். காலண்டர் அச்சடிக்கும் ஊரில் சாமி படத்துக்குப் பஞ்சமில்லை, பிரேம் போடத்தான் ஆள் வேண்டும். லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து கையால் அறுத்துச் செய்திருந்தார். மூலைகளில் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. இது சேர்ந்துவிட்டால் ஒரு பிரேம் கடைக்காரர் வருஷம் முழுக்க ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மருந்து ரூமை விட்டு வாருங்கள் என்று மனைவி பேச்சியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சுகிறாராம்.

எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. சட்டத்தின் நீளவாக்குக்குப் பெல்ட், மூலையைச் சாய்வாக மயிரிழை மயிரிழையாகத் தேய்க்க டிஸ்க், சட்டம் ஆடாமல் இருக்க டிஸ்க்குக்கு முன்னால் கெட்டியான மேடை என்று விளக்கினேன். பெல்ட் எப்படியிருந்தாலும் சமாளிக்கலாம், டிஸ்க்கையும் மேடையையும் பார்த்து வாங்குங்கள் என்றேன். அவர் பிரேமின் மூலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்த மூல மட்டும் சேந்துட்டா, மருந்து ரூமுக்கு ஒரு கும்பிடு போட்டுருவேன் அண்ணாச்சி."

அரிவாளோடு வந்தவர்

அவருக்கு மிஷினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து காரியாபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் உள்ளே வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகும்வரை கடைகடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த மனிதர். மஞ்சள் பையிலிருந்து புது அரிவாளை எடுத்து, நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் டிஸ்க்கில் வைத்து அழுத்திவிட்டார். பொறி பறந்தது.

மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினால் மாரிச்சாமியைக் காணோம். எதிர்ப்பக்க டீக்கடையில் டீ குடித்தவர்களை இரண்டு கையாலும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். பொறி இரும்பில்தான் வரும், மரத்தில் வராது, ஆணி இல்லாத மரமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிக் கூட்டிவருவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. சம்சாரி அரிவாள் முனையைத் தடவிப் பார்த்தபடி சொன்னார்: "மிசினு நல்லாத்தான் தீட்டுது தம்பி, ஆளத்தான் ஊர விட்டே வெரட்டுது."

ஊறவைத்த சட்டம்

பயம் தெளியட்டும் என்று, ஓட்டிக் காட்டும் மிஷினையே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாரிச்சாமி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் எங்கள் முதலாளி. மறுநாள் திரும்பி வந்த மிஷினில் டிஸ்க்கின் உப்புத்தாள் நமத்த அப்பளமாகத் தொங்கியது. பெல்ட்டில் மரக்கூழ். கம்பெனியில் தரையை ஈரப்படுத்தித்தான் கூட்டுவார்களாம். அதே வழக்கத்தில் மனிதர் சட்டத்தை வாளியில் ஊறவைத்து, டிஸ்க்கில் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுத் தேய்த்திருக்கிறார். மோட்டார் பிழைத்ததும் அவர் பிழைத்ததும் எங்கள் நல்ல நேரம்.

மரம் காய்ந்திருக்க வேண்டும், மரத்தூளைக் குழாய் வைத்து டிரம்மில் பிடித்து அன்றன்றே அள்ள வேண்டும், மருந்து ஒட்டிய கம்பெனி உடுப்போடு மிஷின் பக்கமே போகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இது வெறும் மரத்தூள்தானே, இதற்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்றும் கேட்டேன். "தூளுன்னா தூளுதான அண்ணாச்சி? நான் மரம்னு எழுதி ஒட்டிக்கிட்டா பறக்குது?" என்றார்.

பேச்சியம்மாள் கேட்ட சத்தம்

காய்ந்த மரத்தைக் கொண்டுவரச் சொல்லி, கடையிலேயே தேய்க்க வைத்தேன். மூலை சேர்ந்தது. ஆர்டரும் உறுதியானது. வேலையிலிருந்து நின்றுகொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டு, மிஷின் எடுக்க மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குள் இன்னொரு மாடலும் வந்திருந்தது. அதே டிஸ்க், அதே மேடை, சத்தம் மட்டும் பாதி. எல்லோரும் விரும்பிக் கேட்பது அதைத்தான் என்பதால் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். பேச்சியம்மாள் உதட்டைப் பிதுக்கினார். பழையதை ஓட்டினேன். தகரக் கூரை அதிர்ந்தது. "இதக் குடுங்க" என்றார். அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்களே என்றேன். அவர் பக்கத்துத் தெருவில் தங்கை வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர். சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார், எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. "எங்கன வெடிச்சத்தம் கேட்டாலும் ஒட்டுன பெட்டியப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுவேன் அண்ணாச்சி. இனிமே இந்த மிசினு சத்தம் கேக்குறவரைக்கும் இவுக வீட்டுலதான் இருக்காகன்னு உக்காந்த எடத்துல உக்காந்திருப்பேன்."

இத்தனை வருஷ வியாபாரத்தில், சத்தம் போதாது என்று ஒரு மிஷின் எங்களிடம் விலை போகாமல் நின்றது அந்த ஒரு நாள்தான்.