சென்ட்-ஆஃப் என்றால் ஒப்படைப்பது

என் குடைக்குக் கம்பிகள் எட்டு. இரண்டு ஒடிந்துவிட்டன. மீதி ஆறில் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு, கொச்சி மட்டாஞ்சேரிச் சந்தையில் எதிரே வருகிறவர்களின் கண்ணைக் குறிவைக்கிறது. தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் எல்லாரும் அலுத்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த குடை இது. மற்ற அலுவலகங்களில் கடிகாரம் கொடுப்பார்கள், எங்களிடம் குடைதான். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் எங்கள் சூப்பரின்டெண்ட். என்னைப் போலவே பூர்வீகம் தமிழ்நாடு, பேச்சில் பாதி மலையாளம். "ஆபீசே இல்லாதவனுக்கு மணி எதுக்கெடோ? மழை இனியும் பெய்யுமில்லே" என்பார்.

சென்ட்-ஆஃப் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. இடமாற்றத்தில் போகிறவருக்கு நடத்தும் விருந்தைச் சுற்றறிக்கையில் சென்ட்-ஆஃப் என்று நான் எழுதினால் அடித்துவிடுவார். "அவன் தோப்பும்படிக்குத்தானே போறான்? நாளைக்கே இங்க வந்து நிப்பான். இது வெறும் சாயா. சாயான்னு எழுது." ரயிலடிக்குப் போய்க் கையசைப்பதும் அவர் கணக்கில் சேராது, அது டாட்டா. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் கொண்டாடுவது ஐஸ்கிரீம். அகராதியில் வழியனுப்புதல் என்றுதானே போட்டிருக்கிறது என்று ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "அகராதி எழுதினவன் ரிட்டயர் ஆயிருக்க மாட்டான். அனுப்பறதுல என்ன இருக்கு? கேட்டைத் திறந்தாப் போதும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஆள் கையில ஒப்படைக்கணும். வாங்கிக்க ஆளில்லேன்னா அது சென்ட்-ஆஃபே இல்ல."

சொன்னபடியே செய்யவும் செய்தார். எங்கள் பியூன் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் குடையுமாக அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சுள்ளிக்கல் போனோம். பியூனின் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வரட்டும் என்று சூப்பரின்டெண்ட் அந்தக் குறுகிய தெருவிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டார். பின்னால் நாலு ஆட்டோவும் ஒரு மீன் வண்டியும் ஹாரன் அடித்து எங்கள் மானத்தை வாங்கின. இவர் அசையவில்லை. அந்த அம்மாள் அரிசிப் பையோடு வந்ததும், "ஆள் ஒண்ணு, குடை ஒண்ணு. சரி பார்த்து வாங்கிக்கோ பெங்ஙளே" என்று தங்கை முறை வைத்து ஒப்படைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

இப்படிப்பட்டவரின் முறை வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அவர் மனைவி இறந்திருந்தார். ஒரே மகன் துபாயில். வாசலில் வாங்கிக்கொள்ள யார் இருப்பார்கள் என்று எனக்குத்தான் கவலை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "வீட்ல ஆளுண்டெடோ" என்றார். உறவுக்காரர் யாராவது வந்திருப்பார் என்று நம்பி, ஆறு பேரை ஜீப்பில் அடைத்துக்கொண்டு இடக்கொச்சிக்குப் போனோம். கதவில் பூட்டு தொங்கியது.

எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். "ஆளுண்டுன்னு சொன்னீங்களே சார்!" என்று தெருவென்றும் பாராமல் கத்தினேன். அவர் கழுத்து மாலையைக் கழற்றி, குடையோடு சேர்த்து என் கையில் வைத்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்தபோது செருப்பில்லை, சட்டையில்லை. தோளில் ஒரு துண்டு. நிலைப்படிக்கு உள்ளே நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் மாலையையும் குடையையும் அந்தக் கைகளில் வைத்து, "ஆள் ஒண்ணு, குடை ஒண்ணு" என்றேன். அவர் குனிந்து தன்னையே ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். "ஆள் கொஞ்சம் பழசு. பரவால்ல, வெச்சுக்கறேன்."

போன மாதம் என் பேத்தி படிப்புக்காகக் கனடா போனாள். அதற்கு எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் சென்ட்-ஆஃப். இருபத்திரண்டு பேர், இரண்டு கேக். "இது சென்ட்-ஆஃப் இல்லை, கேக்" என்றேன். "இன்னிக்காவது சும்மா இருங்கப்பா" என்றான் மகன். போய்ச் சேர்ந்ததும் அவள் அழைத்தாள். வாசலில் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"யாருமில்ல தாத்தா. சாவி வாசல்ல ஒரு சின்னப் பெட்டியில இருந்துச்சு. நானே திறந்துட்டேன்."

"உள்ளே போய்க் கதவைச் சாத்து. அப்புறம் திற."

"எதுக்கு தாத்தா?"

"சாத்துன்னா சாத்து."

சாத்துகிற சத்தமும் திறக்கிற சத்தமும் கேட்டன. "ஆள் ஒண்ணு, பெட்டி ரெண்டு. சரி பார்த்து வாங்கிக்கோ" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மெல்ல, "வாங்கிட்டேன் தாத்தா" என்றாள்.

அங்கே மழையா என்று கேட்டேன். நல்ல மழை என்றாள்.

இருபத்திரண்டு பேர், இரண்டு கேக். குடை ஒன்று வாங்கிக் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.