வெயில் படாத கன்னம்

மகளின் பருத் தழும்புக்கு வாங்கிய கற்றாழைக் களிம்பை இன்று திறந்ததும், செம்பனை நடுவதற்காக அழிக்கப்பட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டின் இருட்டு மூக்கில் ஏறியது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் தெறித்து என் கன்னம் வெந்த வருடம் அது. புண் ஆறிய பிறகும், பால் வெட்டப் போகும் முன் அம்மா கற்றாழைச் சோற்றை மஞ்சளோடு குழைத்துப் பூசி, சன்னலைச் சாத்தி, கதவுக்கு வெளியே கொக்கி போட்டுவிடுவாள்; அது காய்ந்து தோலை இழுக்க இழுக்க, புலாவ் செபாங் ஸ்டேஷனுக்குப் போகும் ரயிலின் கூவலைக் கேட்டபடி, பலகை இடுக்கில் நுழையும் ஒற்றை வெயில் கோட்டுக்கு விலகி விலகி உட்கார்ந்திருப்பேன்.

“வெயில் பட்டா கறுத்துரும் லா. அப்புறம் உன்ன யாரு கட்டிக்குவா?” என்பாள்.

தழும்பு மறைந்தது. கல்யாணமும் ஆயிற்று.

மகளுக்குக் களிம்பைப் பூசிவிட்டு எழுந்தேன்.

“ஏம்மா சன்னல சாத்துறீங்க?” என்றாள்.