மழைமானியும் பூவரசும்

மழைமானிக்கு அருகே நிற்கும் எந்தப் பொருளும் தன் உயரத்தைப் போல இரண்டு பங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பூவரச மரத்துக்கு இதை யாரும் படித்துக் காட்டவில்லை.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியின் வடகோடியில், கடலோரமாக இருந்த ஒரு சிறிய வானிலை நிலையத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழை அளந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கு அளந்தவர் புயலிலும் காய்ச்சலிலும் ஒரு நாள் தவறாதவர் என்பார்கள். ஆடுகள் கருவியை முட்டாமலிருக்க, பூவரசங் கிளைகளைப் பச்சையாக வெட்டி, போத்துகளாக நட்டு வேலி கட்டியவரும் அவர்தான். அக்கறையோடு ஆழமாக நட்டிருக்கிறார். ஒரு போத்து வேர்விட்டு மரமாகி, கருவிக்குக் குடை பிடித்தது.

வேலிக்கு வெளியே அந்த நிழலில் குருசுக்குப்பத்து அம்மாள் ஒருத்தி மீன் விற்றாள். கால்சட்டை போட்ட எல்லோரும் அவளுக்கு, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழக்கத்தில், முசேதான். மரத்தை வெட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

“மழய அளந்து என்னா பண்ணப் போறீங்க முசே? பத்தலன்னா இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுவீங்களா?”

“மரம் மறைக்குதும்மா. அளவு கொறயுது.”

“வெயில்ல குந்துனா பத்து மணிக்கே மீனு நாறிடும். என் பொழப்பு கொறயுமே, அத எதுல அளப்பீங்க?”

அதற்கான கருவி எங்களிடம் இல்லை.

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. நினைவூட்டினேன், நினைவூட்டியதையும் நினைவூட்டினேன். மழைக்காலங்கள் வந்து போயின. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும் காலைகளில், மழை விட்ட பிறகும் மரம் மட்டும் தனியாகப் பெய்துகொண்டிருக்கும். மஞ்சளாகப் பூத்த பூக்கள் சிவந்து மழைமானியின் புனலில் கிடக்கும். அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, வானத்து நீர் எது, இலை நீர் எது என்று தெரியாமல், அளவைக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி நிற்பேன். நீருக்குள் கடல் வளைந்து தெரியும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்பதைக் குறிக்க மழைப் பதிவேட்டில் இடமில்லை.

கடைசியில் ஒரு வரி வந்தது: ஆய்வு நடைபெறும் வரை மரம் தற்போதைய நிலையிலேயே இருத்தல் வேண்டும். அதாவது, வெட்டவும் கூடாது, வளரவும் கூடாது.

வேலியோரம் போய்ச் சொன்னேன்.

“ஆய்வுக்கு எப்ப வருவாங்களாம்?”

“எழுதித்தான் கேக்கணும்.”

“கேக்காதீங்க முசே,” என்றாள். கூடையை நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

நான் கேட்கவில்லை. அந்தப் பதில் வந்த நாள், எண்பத்தொன்று அக்டோபர் ஒன்பது; பிரெஞ்சுக்காரர்கள் மரண தண்டனையை ஒழித்துச் சட்டம் போட்டதும் அன்றுதான்.