வாலில்லாத பொட்டலம்

கரண்டி எடுத்து வைக்கவில்லை. தூக்குவாளி இல்லை, குக்கர் இல்லை, ஒரு தட்டு கூட இல்லை. ஒரு கூடை காய்கறி, வாழையிலைக் கட்டு, நல்லெண்ணெய் பாட்டில், பாலக்கரையில் பார்சல் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சில்வர் பேப்பர் சுருள். அன்றைக்கு என் சமையலறை அவ்வளவுதான். தில்லை நகர் வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முக்கொம்புப் பக்கம் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் விடிவதற்குள் எழுந்து புளிசாதம் கிளறி, தயிர்சாதம் பிசைந்து, வறுவல் வறுத்து, பாத்திரம் பாத்திரமாகக் கட்டிக்கொண்டு போவேன். போர்வை விரித்து எல்லோரும் உட்காருவார்கள். நான் குனிந்து நிமிர்ந்து பரிமாறுவேன். அவர்கள் கை கழுவப் போனபிறகு அடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சாப்பிடுவேன். வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கடைசியாக எப்போது சூடாகத் தோசை சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். காட்டில் கூடாரம் போட்டவர்கள் காய்கறியைச் சில்வர் பேப்பரில் மடித்துத் தணலில் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம். எல்லோரும் ஒரே நேரத்தில் பிரித்து, பேப்பரிலேயே சாப்பிடுகிறார்கள். எனக்குப் பொறி தட்டியது. பரிமாறவே வேண்டாமே! நானும் உட்கார்ந்து, ஆவி பறக்க, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடலாமே! டென்ட்டில் ஒருநாள் தங்கலாம் என்று வீட்டில் நச்சரிக்க ஆரம்பித்ததற்கு உண்மையான காரணம் இதுதான். வெளியே சொன்னது, "பொண்ணு ஆசைப்படுறா" என்று.

கொள்ளிடக் கரையில் என் வீட்டுக்காரரின் நண்பருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் டென்ட்டோடு வந்துவிட்டார்கள். காலேஜில் படிக்கும் என் மகளையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். புரட்டாசி சனிக்கிழமை என்பதால் கவுச்சி கிடையாது. உருளைக்கிழங்கு, காளான், பனீர், குடைமிளகாய், சின்ன வெங்காயம். மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, கறிவேப்பிலை, எண்ணெய் எல்லாம் ஆளுக்குத் தகுந்த மாதிரி விட்டு, இலைமேலேயே தனித்தனியாகப் பிசறினேன். கீழே வாழையிலைத் துண்டு, அதற்கு வெளியே இரட்டை மடிப்பாகச் சில்வர் பேப்பர். ஓரங்களை இறுக்கி மடக்கினேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சோறு எங்க?"

"இன்னைக்கு உருளைக்கிழங்குதாங்க சோறு."

"அது சரி" என்றார். அந்த 'அது சரி' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இருட்டினதும் பரோட்டா கடைக்கு ஆள் அனுப்புவார் என்று அர்த்தம். பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குக் காரம் அதிகம் வேண்டும், கொழுந்தனாருக்குப் பூண்டு ஆகாது, ஓரகத்திக்குக் காளான் பிடிக்காது, மகளுக்குப் பனீர் இரண்டு மடங்கு. மாறிப்போகாமல் இருக்க, பேப்பரின் நுனியை முறுக்கி வால் வைத்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு வால், கொழுந்தனாருக்கு இரண்டு, ஓரகத்திக்கு மூன்று, மகளுக்கு நான்கு. என்னுடையதற்கு வால் வைக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

தோப்பில் கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமா? குவித்துப் பற்றவைத்து, ஜுவாலை அடங்கிச் செக்கச்செவேல் என்று தணல் ஆனதும் ஐந்து பொட்டலத்தையும் வரிசையாக வைத்தேன். போனில் முப்பத்தைந்து நிமிஷம் அலாரம். "யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்க்கப் போனேன். கையில் வேலையில்லாமல், அடுப்பு தன் பாட்டுக்கு வேலை செய்ய, நான் வேடிக்கை பார்க்கிறேன்! தண்ணீர் நன்றாக ஓடியது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் யாரும் இல்லை.

அலாரம் அடித்ததும் கிட்டத்தட்ட ஓடிவந்தேன். நான்கு பேரும் சமர்த்தாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமர்த்தே எனக்குச் சந்தேகமாக இருந்தது. குச்சியால் பொட்டலங்களை இழுத்தேன். வால்கள் கோணல்மாணலாக இருந்தன. வீட்டுக்காரருடையதைப் பிரித்து உருளைக்கிழங்கை அழுத்தினேன். கட்டை! அடுத்ததும் கட்டை. ஆவியே இல்லை.

"யாரு பிரிச்சீங்க?"

எங்கள் வீட்டில் சமைத்தவர் உப்புப் பார்ப்பதில்லை. குழம்பு கொதிக்கும்போது இரண்டு சொட்டு வீட்டுக்காரர் உள்ளங்கையில் விடுவேன், அவர் நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுப்பை அணைப்பேன். அவருடைய பதவி அது. இங்கேயும் பதவியை விடவில்லை. "உப்புதான் பார்த்தேன். பழக்கம்" என்றார்.

"அண்ணன் பார்த்தாரு, நானும் என்னோடத ஒரு தடவை பார்த்தேன், அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"கொஞ்சம் மிளகுத்தூள் போட்டேங்க்கா, ஒரே ஒரு தடவைதான்" என்றாள் ஓரகத்தி.

"போட்டோ எடுத்தேம்மா" என்றாள் மகள்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆவியில் வேக வேண்டியதை ஆளாளுக்குத் திறந்துவிட்டால் கிழங்கு எப்படி வேகும்? கோபமாகத்தான் வந்தது. என் திட்டம் போச்சு, ஐந்து பேரும் சேர்ந்து சாப்பிடுவது போச்சு. நான்கையும் இறுக்கி மடித்துத் திரும்பத் தணலில் தள்ளினேன். கடைசியாக ஓரத்தில் கிடந்ததை எடுத்தேன். மடிப்பு கலையாமல், பூரி போல உப்பியிருந்தது.

"இதை ஏன் விட்டீங்க?"

"அதுக்கு வால் இல்லையே. மிச்சம்னு நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர்.

சுருக்கென்றது. ஐந்து பேர், ஐந்து பொட்டலம். எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு தணலை விசிற ஆரம்பித்தார்.

"மிச்சம் இல்லைங்க. என்னுது" என்றேன்.

உட்கார்ந்தேன். போர்வைக்கு நடுவில், சம்மணம் போட்டு. மடிப்பைப் பிரித்ததும் வாழையிலை வாசனையோடு ஆவி மூக்கில் அடித்தது. கிழங்கு விரல் பட்டதும் உடைந்தது. வெங்காயம் கண்ணாடியாக வெந்து, பனீர் ஓரம் சிவந்து, எண்ணெய் அடியில் பளபளத்தது. நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். பழக்கதோஷம், என் கை முதல் துண்டை எடுத்து மகள் பக்கம் நீட்டப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

"நீ சாப்பிடும்மா" என்றாள் அவள், மெதுவாக.

வீட்டுக்காரர் உள்ளங்கையை நீட்டினார். "உப்பு பார்க்கவா?"

"வேணாங்க. சரியா இருக்கு. உங்களோடது வேக இன்னும் கால் மணி நேரம் ஆகும், உக்காருங்க."

உட்கார்ந்தார். நான் துண்டை வாயில் போட்டேன். நாக்கு பொத்துப்போகிற சூடு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊதக்கூட இல்லை, அடுத்த துண்டை எடுத்தேன்.