அம்மாவின் கையில் இருந்த அட்டை

தங்கச்சியின் கண்காட்சிக்கு வரமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

தங்கச்சி சுவர்களில் படம் கீறுகிறவள். வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம், கொட்டாஞ்சேனையில் சந்தைக்குப் பின்னால், வெறுஞ்சுவரைக் கண்டாலே அவளுக்குக் கை துறுதுறுக்கும். காணாமல் போன மகனின் படத்தைப் பிடித்திருக்கும் தாய், துறைமுக வாசலில் களைத்துத் தூங்கும் தொழிலாளி, இப்படித்தான் கீறுவாள். கடைசியில் கொழும்பு ஏழில் ஒரு கேலரி, எங்கள் சுவர்களில் கீறு என்று அவளைக் கூப்பிட்டது. வீட்டில் கொண்டாடியிருக்க வேண்டும். அம்மாவுக்கோ நித்திரை போய்விட்டது.

"உவளுக்கு ஏன் இந்த வேலை? நாளைக்கு ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போனால் நான் எங்கை போய்த் தேடுறது?"

"அம்மா வராட்டி எனக்கு அது கண்காட்சியே இல்லை அக்கா" என்று தங்கச்சி என்னிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் கேட்கமாட்டாளாம். பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு. நடுவில் கிடந்து நசிகிறவள் நான். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆசை வார்த்தை சொல்லி, அம்மாவை ஒருவழியாகத் திரீவீலரில் ஏற்றினேன்.

வாசலில் சீருடை போட்ட காவலாளி ஒருவர் கையை நீட்டினார். பையை வாங்கி வைக்கத்தான். அவர் வாய் திறக்கும் முன்பே அம்மா அடையாள அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். மறிக்கிற இடமெல்லாம் அட்டை கேட்ட அந்தச் சண்டை முடிந்து இத்தனை வருஷமாகியும், கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அம்மா அட்டையில்லாமல் வாசல் தாண்டமாட்டார்.

"ஓனே நே, அம்மே." தேவையில்லை என்று சிங்களத்தில் சொன்ன அந்த மனிதரின் முகம் வாடிப்போனது. அம்மா பையைக் கொடுத்தார். அட்டை கையிலேயே இருந்தது.

உள்ளே கடைசிச் சுவரில் இருந்தது எங்கள் கதை. தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. ஒரு விடியற்காலை எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த தமிழர்களை எல்லாம் விசாரிக்கவென்று பொலிசுக்குக் கொண்டு போய், நீளமான மர வாங்கில் வரிசையாக இருத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள மாமி பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். படத்தில் அம்மாவின் ஒரு கையில் அட்டை, மற்றக் கையில் தங்கச்சி. கோப்பையைப் பிடிக்கக் கையில்லை. அதனால் மாமி குனிந்து, அம்மாவின் வாயருகே கோப்பையைப் பிடித்துப் பருக்குகிறார். பிளாஸ்க்கைச் சுமந்துகொண்டு நின்றது நான். என்னை மட்டும் வசதியாகக் கீறாமல் விட்டுவிட்டாள்.

அம்மா அசையாமல் நின்றார். தங்கச்சி பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப்போல நகம் கடித்தாள்.

"அண்டைக்குச் சீனி கூடிப்போச்சு" என்றார் அம்மா. குரல் உடைந்தது. "ஆனால் அப்பிடியொரு தேத்தண்ணி நான் பிறகு குடிக்கேல்லை."



வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். எங்கள் பக்கம் தட்டை ஏந்தி வந்தது அதே காவலாளி. அம்மா கோப்பையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"இந்தா பிள்ளை, இதை ஒருக்கா வைச்சிரு."

அட்டையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். தங்கச்சி அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அம்மா ஒரு கதிரையைத் தேடி இருந்து, ஆறுதலாகக் குடித்து முடித்தார். அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.