அண்ணன் அளந்த முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. காரியத்துக்கு வந்திருந்த சொந்தங்களும் நண்பர்களும் எப்படி ஆனது என்று கேட்டபோது, "கிட்னி" என்ற ஒரே சொல்லை எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லாமல் இந்த மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நினைவு மலரில் எழுதுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதும் படித்துவிடுங்கள்.

அண்ணன் மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே ஊழியரான எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தார். நில அளவைப் பாடம் என்றால் அவருக்கு உயிர். நான் பள்ளிக்கூடத்தில் போட்டுவந்த படங்களைப் பார்த்து, "நீ போட்ட ரோட்டுல பஸ் போனா கவுந்துடும் பாப்பா" என்று கேலி செய்வார். இரண்டாம் ஆண்டில் அப்பா தவறினார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று உங்களில் சிலர் என் காதுபடவே சொல்லியிருக்கிறீர்கள். அதில் பொய்யில்லை.

கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டிருந்த கடைக்கு, பிறகு மனை விற்பவர்கள் வர ஆரம்பித்தார்கள். முடிச்சூர் வயல்கள் எல்லாம் பிளாட்டாக மாறிய காலம். அவர்களுடைய நோட்டீஸில் மனைக்கு வழி காட்டும் படத்தை அண்ணன்தான் வரைவார். முதல் படத்தை அவர் சரியான அளவில் வரைந்து கொடுத்தாராம். வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அண்ணன் எத்தனையோ முறை என்னிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

"படப்பைய இன்னும் கொஞ்சம் இந்தாண்ட இழு சார். எவன் ஸ்கேல் வெச்சிகினு அளக்கப் போறான்?"

அண்ணன் இழுத்தார். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கிற படப்பை தாம்பரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஆனால் "படம் அளவுப்படி அல்ல" என்ற வரியை மட்டும் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். எடுக்க வேண்டாம், எழுத்தைச் சின்னதாக்கு என்றார்கள். முதலில் தலைப்புக்குக் கீழே இருந்த வரி, ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப் பக்கத்தின் அடி விளிம்புக்குப் போனது. கடைசியில் அது பார்ப்பதற்கு ஒரு கோடு மாதிரிதான் இருந்தது. அண்ணன் செய்த தவறு அவ்வளவுதான். என்னுடையது அதைவிடப் பெரியது.

எவன் அளக்கப் போகிறான் என்று அந்த மனை விற்பவர் கேட்டாரே, நான்தான் அளந்தேன்.

என் கணவர் ஒரகடத்தில் வேலை செய்கிறார். அவர் ஒரு நாள் கொண்டுவந்த நோட்டீஸில், படப்பைக்கு அப்பால் அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் விலைக்கு இருந்தது. அளவுகோலை வைத்துப் பென்சிலால் குறித்தேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் பூங்கா நாலு சென்டிமீட்டர். தாம்பரத்திலிருந்து அந்த ஃபிளாட்டும் நாலு சென்டிமீட்டர். பூங்காவுக்குப் போகிற தூரம்தானே என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வெறிச்சோடிய ரோட்டில் விற்பவர்கள் ஏ.சி. வேனில் வீடு காட்ட அழைத்துப் போனார்கள். பேசிக்கொண்டே போனதில் தூரம் தெரியவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிரகப்பிரவேசத்துக்கு அழைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று சின்னப் பிள்ளை போல வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று அண்ணன் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த நோட்டீஸைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இந்தப் படத்தப் பாத்தா வாங்கின?" என்று கேட்டார். அது அவர் வரைந்த படம் என்று அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "இல்லண்ணா, அவருக்கு வேலைக்குக் கிட்ட இருக்குன்னு வாங்கினோம்" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பாயசத்தைத் தொடவில்லை.

இரண்டு வருடத்தில் அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. தனியாக இருக்க விடாமல் எங்களோடு அழைத்து வந்துவிட்டேன். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செல்வம் என்ற ஆட்டோக்காரர் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். போகும்போது ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது அதற்கு மேல். டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடக்கிறவரை ஒவ்வொரு பள்ளத்திலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவேன். சில நாள் வீடு வந்து சேர்ந்ததும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். அவருக்குக் கேட்கக் கூடாது என்றுதான்.

ஒரு நாள் மதியம் அண்ணன் தன் படிப்புக் காலத்து சர்வே வரைபடத்தைத் தரையில் விரித்தார். அதில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். வெள்ளை நூல் ஒன்றை எடுத்து, எங்கள் வீட்டுப் புள்ளியில் வைத்து, ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் நகத்தால் அழுத்தி அழுத்தி மருத்துவமனை வரை கொண்டுபோனார். புதிதாக வந்த வளைவுகளைப் பென்சிலால் சேர்த்துக்கொண்டார். நேர்கோட்டில் அளந்தால் காக்காய்க்குத்தான் உதவும், மனுஷனுக்கு நூல்தான் என்றார். பிறகு நூலை நீட்டி அளவுகோலில் வைத்தார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். பத்தொன்பது கிலோமீட்டர்.

"நாலு சென்டிமீட்டர்ல அடக்கி வெச்சிருந்தேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன ஆண்டு மழையைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ரோடு மூழ்கியதால் ஒரு டயாலிசிஸ் தவறியது. மறுநாள் காலையில் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஏறி இறங்கிய இரண்டு சிறிய மருத்துவமனைகளிலும் தாம்பரத்துக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. செல்வம் வந்தார். முடிச்சூரில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"அக்கா, முன்னாடி பூரா தண்ணி நின்னுகினு கீது. வண்டி போவாதுக்கா" என்றார் செல்வம். அதைச் சொல்லும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ?" என்று கேட்டார்.

"கிட்டதான்ணா. வந்துட்டோம்."

"நாலரை இருக்கு பாப்பா" என்றார். அவ்வளவு மூச்சுத் திணறலிலும் அவருடைய கிலோமீட்டர் கணக்கு தப்பவில்லை.

செல்வம் அவரை முதுகில் சுமந்துகொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார். நான் பின்னாலிருந்து தாங்கினேன். வழிவிடுங்கள் என்று கத்தினேன், ஊரில் இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன், பெயர் தெரியாத ஆட்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னபோது அண்ணனின் கை செல்வத்தின் தோளிலிருந்து நழுவிவிட்டது.

கூட வந்து நின்றவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். செல்வம் இன்றும் என்னைப் பார்க்கும்போது, இன்னும் வேகமாக நடந்திருக்கலாம் என்று கண்கலங்குகிறார். அவர் நடந்ததற்கு மேல் யாராலும் நடந்திருக்க முடியாது என்பதை எல்லோர் முன்னாலும் இங்கே எழுதி வைக்கிறேன். பெயர்கூடக் கேட்க முடியாமல் போன டிராக்டர்காரருக்கும், அண்ணன் வராத கட்டிலைப் பார்த்து அழுத டயாலிசிஸ் பிரிவு நர்ஸ்களுக்கும், அன்று அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் என் நன்றி.

காரியம் முடிந்து அவருடைய மருத்துவ ஃபைலை எடுத்து வைத்தேன். கடைசி உறையில் அந்த நூல் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அது சுற்றியிருந்தது எங்கள் நோட்டீஸின் மேல். நான் பென்சிலால் குறித்த இரண்டு கோடுகளும், பக்கத்தில் என் கையெழுத்தில் "4 செ.மீ." என்பதும் அப்படியே இருந்தன. வேலைக்குக் கிட்ட என்று நான் சொன்ன பொய்யை அவர் ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. நான் நம்பி வாங்கியது அவர் வரைந்த படத்தைத்தான் என்பதைத் தெரிந்துகொண்டே ஒவ்வொரு தடவையும் என் தோளில் சாய்ந்து அந்த ரோட்டில் வந்திருக்கிறார்.

இந்த மலரின் நடுவில் பக்க அடையாளமாக ஒரு வெள்ளை நூல் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பிரதியிலும் சரியாக முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தையலுக்கு வெளியே இருக்கும். தைத்திருக்கும் முனை எங்கள் வீடு, தொங்கும் முனை மருத்துவமனை. இருபத்தொன்பதாவது சென்டிமீட்டரில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அளவுகோல் வைத்து, என் கையாலேயே, ஒவ்வொன்றிலும் வைத்தேன். அதற்குப் பிறகு இருக்கிற ஒன்பது சென்டிமீட்டரைத்தான் அண்ணனிடம் கிட்ட என்று சொன்னேன்.