தொடையில் தட்டிய தாளம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம், சனிக்கிழமை சாயங்காலம். சாந்தோமில் மாதா கோவிலை ஒட்டிய சின்ன ஹால். கடல்காற்று வந்து ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு பழைய பியானோ. அதன் முன்னால், கால் தரைக்கு எட்டாமல் என் எட்டு வயது மகள். முன்வரிசையில் நான்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால். எனக்குச் சோறு இல்லாவிட்டாலும் கச்சேரி வேண்டும். மகளோ, வீட்டுக்கு யாராவது வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாளாம். பாட்டு கிளாஸில் சேர்த்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் ஒரு 'ஸ' கூட வெளியே வரவில்லை. "ஏன்னா, இவ இப்படியே இருந்துண்டிருந்தா எப்படி?" என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை.

ஒருநாள் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது, சாந்தோம் சந்து ஒன்றில் ஒரு ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்த அந்த நேரத்தில், இலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது போல ஒவ்வொரு ஸ்வரமாக விழுந்தது. சைக்கிளைப் பிடித்தபடி நானும் எங்கே போகிறோம் என்பதையே மறந்து நின்றேன். வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் எட்டிப் பார்த்து, "உள்ள வாயேம்மா, தொட்டுப் பாரு" என்றார். யார் கூப்பிட்டாலும் ஒளிகிறவள், என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வாயைத் திறக்க வேண்டாத சங்கீதம், இதுவாவது வரட்டும் என்று அங்கேயே சேர்த்துவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து வந்ததுதான் அந்தச் சாயங்காலம். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும். அதற்காக அவள் கண்ணாடி முன்னால் உதட்டை அசைத்துப் பழகியதை நான் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் மேடை ஏறியதும் ஒன்றுமே சொல்லாமல் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாள். போச்சுடா என்று நினைத்தேன்.

வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கு ஹால் மறந்துபோனது. இது என் குழந்தையா என்று இருந்தது. பழக்க தோஷம், கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. நடுவில் திடீரென்று அவள் மெதுவாகப் போனாள். ஐயோ, பயத்தில் வேகம் குறைந்து காலப்பிரமாணம் நழுவுகிறதே என்று நினைத்தேன். எங்கள் சபாவில் உட்கார்ந்திருக்கும் நினைப்பில், அவளுக்குத் தாளத்தைப் பிடித்துக் கொடுப்பதாக எண்ணிக்கொண்டு பலமாகத் தட்டினேன். அங்கே வேறு யாரும் தும்மக்கூட இல்லை.

அவள் விரல் தடுமாறி நின்றது. அழுதுகொண்டு ஓடிவரப் போகிறாள், இனிமேல் பியானோ பக்கமே போகமாட்டாள், எல்லாம் என்னால்தான் என்று தோன்றியது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பா, தாளம் போடாதே. அங்க மெதுவாத்தான் போகணும்" என்றாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஹாலில் சிரிப்பு எழுந்தது. அவள் அசரவில்லை. எழுந்து நின்று, விட்டுப்போன தன் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்லிவிட்டு, முதலிலிருந்து வாசித்தாள். அந்த இடம் வந்ததும் முன்னைவிட மெதுவாகவே போனாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. துடைக்கத் தோன்றவில்லை, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் இப்போது பெரியவளாகி, தன் முடிவுகளைத் தானே எடுக்கிறாள். எனக்கு மெதுவாகத் தோன்றும் இடங்களில் இன்றைக்கும் என் கை தொடையை நோக்கிப் போகிறது. அவளுக்குக் காலம் தெரியும் என்று அந்த ஹாலை நினைத்துக்கொண்டு கையை மடக்கிக்கொள்கிறேன்.